ஐந்து பத்துக்குத் திடீரெனத் தோன்றும்

ஊர்காவற்றுறை எமிலியானுஸ் ஒன்பது வருடம் சரக்குக் கப்பலில் குசினி வேலை பார்த்தவன். அந்த ஒன்பது வருடத்தில் கண்ட துறைமுகங்களின் பெயர்கள் அவனுக்குப் பாதி மறந்துவிட்டன. மறக்காதது ஒன்றுதான். இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் வேலை முடிந்ததும் கப்பலின் பின்தளத்தில் உட்கார்ந்து சாக்ஸபோன் வாசிப்பான். எமிலியானுஸ் அவனுக்கு யாருக்கும் தெரியாமல் இரண்டு முட்டை கூடுதலாகப் பொரித்துக் கொடுத்து அந்த வாத்தியத்தைப் பழகிக்கொண்டான். ஜாஸ் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டதற்கு, நேற்று வாசித்ததை இன்றைக்கும் அப்படியே வாசித்தால் அது ஜாஸ் இல்லை என்று மட்டும் அந்த மனிதன் சொன்னான்.

ஊருக்குத் திரும்பி வள்ளமும் வலையுமாக ஆனபிறகு எமிலியானுஸ் மாதா கோயில் பாண்டில் கிளாரினெட் வாசித்தான். திருநாளுக்குத் திருநாள் அதே நாலு பாட்டு. நடுவில் கொஞ்சம் அங்கே இங்கே போய் வந்தால் சுவாமியார் திரும்பிப் பார்ப்பார். எங்கேயாவது ஒரு சாக்ஸபோன் அகப்படுமா என்று விசாரித்ததில், தீவுப்பகுதி முழுவதற்கும் ஒன்றே ஒன்று இருக்கிறது என்றும் அது வேலணையில் ஓர் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது என்றும் தெரியவந்தது.

அலுமாரி தீவகக் கலாசார மேம்பாட்டு மத்திய சபைக்குச் சொந்தமானது. அந்தச் சபைக்குக் கிளைகள் எதுவும் இல்லை. ஆனாலும் அது மத்திய சபைதான். தலைவர் தியாகலிங்கம் இளைப்பாறிய காணிப் பதிவாளர். செயலாளர் ஆழ்வாப்பிள்ளை அவருக்குக் கீழே இருபத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்தவர். இவர்களுக்கு அப்பால் உபதலைவர், உபசெயலாளர் என்று மேலும் எட்டுப்பேர். பத்துப்பேரில் ஒருவருக்கும் எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. அது நடுநிலைமைக்கு நல்லது என்று தலைவர் அடிக்கடி சொல்வார்.

எமிலியானுஸ் மூன்று தடவை பஸ் ஏறிப்போய் அந்தச் சாக்ஸபோனைக் கேட்டான். மூன்று தடவையும் ஆழ்வாப்பிள்ளை அலுமாரிக் கண்ணாடியைத் துடைத்து அதைக் காட்டினார்.

“பார்க்கலாம். தொடுறதுக்கு விதி இல்லை,” என்றார்.

“வாசிக்கிறதுக்கு ஐயா?”

“கச்சேரிக்கு மட்டும் வெளியில எடுக்கலாம்.”

“எப்ப கச்சேரி?”

“சபை தொடங்கிப் பதினொரு வருசமாய் அதைத்தான் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறம்,” என்றார் ஆழ்வாப்பிள்ளை. அவர் பகிடி விடுகிற ஆள் இல்லை.

எண்பத்துமூன்றாம் ஆண்டு மாசி மாதம் கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஐரோப்பாவிலிருந்து பெரிய வாத்தியக்குழு ஒன்று கொழும்புக்கு வருகிறது, அதன் நடத்துநர் பிரதேசங்களுக்கும் போய் அதே மாதிரியான குழுக்களைப் பார்ப்பார், ஆகவே ஒவ்வொரு பிரதேசமும் ஜாஸ் இசையை ரொக் இசையோடும் சாஸ்திரிய இசையோடும் கலந்து வாசிக்கும் சமகாலப் பெரிய வாத்தியக்குழு ஒன்றை ஆறு வாரத்துக்குள் ஆயத்தம் செய்யவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஆழ்வாப்பிள்ளை அகராதியை வைத்துக்கொண்டு அதைத் தமிழாக்கினார். ஜாஸ் அகராதியில் இல்லை. ரொக் இருந்தது. பாறை என்று போட்டார்.

முதற்கூட்டத்துக்கு எமிலியானுஸையும் அழைத்திருந்தார்கள். கோயில் பாண்டில் இருந்து அவனோடு இன்னும் நாலுபேர், வயலின் வாசிக்கிற சங்கீத ரீச்சர் மீனலோசனி, சந்தையடியில் றேடியோ திருத்துகிற லியோன். லியோனிடம் மின்சாரக் கித்தார் ஒன்று இருந்தது. மொத்தம் ஏழுபேர். ஏழுபேரும் சுவரோரம் நின்றார்கள். கதிரைகள் சபைக்கு.

“பெரிய வாத்தியக்குழு எண்டால் எத்தினைபேர்?” என்று தலைவர் கேட்டார்.

“பதினேழுபேர் எண்டு புத்தகத்தில கிடக்கு,” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

தலைவர் சுவரோரத்தை எண்ணினார். பிறகு கதிரைகளை எண்ணினார். அவருடைய முகம் மலர்ந்தது. “ஏழும் பத்தும் பதினேழு. இறைவன் செயல்.”

“உங்களுக்கு வாசிக்கத் தெரியாதே சேர்,” என்றாள் மீனலோசனி.

“வாசிக்கிற உறுப்பினர் ஏழு, வாசிக்காத உறுப்பினர் பத்து. எல்லா நிறுவனத்திலும் இதுதான் விகிதம் பிள்ளை. நாங்கள் முன்வரிசையில இருப்பம். சனம் எங்களைத்தான் பார்க்க வருவினம்.”

அடுத்தது பாறை. தீவுப்பகுதியில் பாறை கிடையாது. கிணறு வெட்டினாலும் சுண்ணாம்புக்குச் சுடுகிற முருகைக்கல்தான் வரும். இதைக் குறிப்பிட்டு, பாறைக்குப் பதிலாக முருகைக்கல்லைப் பயன்படுத்தலாமா என்று கேட்டுச் சபை கொழும்புக்கு எழுதியது. பத்தாம் நாள் பதில் வந்தது. உள்ளூரில் கிடைக்கும் வளங்களைப் பயன்படுத்துவதை இந்த அலுவலகம் பெரிதும் வரவேற்கிறது என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்தும் முத்திரையும்.

அடுத்த கூட்டத்தில் லியோன் முன்னால் வந்து, “ஐயா, ரொக் எண்டது நான் வாசிக்கிறது,” என்று சொல்லிப் பார்த்தான்.

“தம்பி, கொழும்பு எழுத்தில தந்திருக்கு. நீர் வாயால சொல்லுறீர்,” என்றார் தலைவர். ஒரு லொறி முருகைக்கல்லுக்குச் சொல்லிவிடப்பட்டது.

சிக்கல் ஜாஸில்தான் வந்தது. அது என்ன சாமான் என்று தலைவர் எமிலியானுஸைக் கேட்டார். சபை தன்னிடம் ஒரு விசயம் கேட்கிறதே என்ற சந்தோசத்தில் அவன் உள்ளதைச் சொன்னான்.

“பாட்டு ஒண்டு இருக்கும் ஐயா. அதை எல்லாரும் சேர்ந்து வாசிப்பம். பிறகு நடுவில ஒராள் எழும்பி, அந்த நேரத்தில மனசில வாறதை வாசிக்கிறது. முன்னமே எழுதி வைச்சுக்கொண்டு வாசிக்கேலாது.”

உபதலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“மனசில வாறதையோ?” என்றார் தலைவர்.

“எங்கட சங்கீதத்திலயும் உண்டு சேர். மனோதர்மம் எண்டு சொல்லுறது,” என்று மீனலோசனி உதவிக்கு வந்தாள்.

“அப்ப எங்களுக்குத் தெரியாமல் ஒராள் எங்கட மேடையில ஒண்டை வாசிக்கப் போறார்.”

“எனக்கும் தெரியாது ஐயா,” என்றான் எமிலியானுஸ். ஆறுதலுக்காகத்தான் சொன்னான். அது விசயத்தை மேலும் மோசமாக்கியது.

தலைவர் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் அது உரை. ஆழ்வாப்பிள்ளை குறிப்புப் புத்தகத்தை விரித்தார்.

“நான் முப்பத்தொரு வருசம் காணி பதிஞ்சவன். ஒரு உறுதிப் பத்திரத்தில எழுத்துப்பிழை விட்டதில்லை. ஏன்? மனசில வாறதை எழுதினதில்லை. எனக்கு மனசில ஏதும் வந்ததே இல்லை எண்டு கூடச் சொல்லலாம். இசை எண்டது கட்டுப்பாடு. கட்டுப்பாடு இருந்தால் இசை இல்லாட்டிலும் பரவாயில்லை. இசை மட்டும் இருந்து கட்டுப்பாடு இல்லாட்டில் இந்தச் சபை எதுக்கு?”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மனோதர்மம் அனுமதிக்கப்படும். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னரே எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும், மூன்று பிரதிகளில்.

படிவத்தை ஆழ்வாப்பிள்ளையே தட்டச்சு செய்து அனுப்பினார். எமிலியானுஸ் அதை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தான். மீன் வெட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி மேரிஜோசப்பின், கையைக் கழுவிவிட்டு வந்து வாசித்துக் காட்டினாள்.

“விண்ணப்பதாரிக்குத் திடீரெனத் தோன்றவிருப்பது யாது.”

“தெரியாது எண்டு போடும்.”

“அது எத்தனை மணிக்குத் திடீரெனத் தோன்றும்.”

எமிலியானுஸ் யோசித்தான். “நாலரை?”

“தோன்றி எவ்வளவு நேரம் நீடிக்கும்.”

“நாலு நிமிசம்.”

“இதற்கு முன்னர் இது வேறு எவருக்கேனும் தோன்றியுள்ளதா. ஆம் எனில் அவரின் சம்மதக் கடிதத்தை இணைக்கவும்.” மேரிஜோசப்பின், படிவத்தைக் கீழே வைத்தாள். “இஞ்சேருங்கோ, உங்களுக்கு இந்தச் சாமான் கட்டாயம் வேணுமோ?”

“ஒருக்கால் ஊதிப் பார்த்தாப் போதும்,” என்றான் அவன்.

அவள் புருசன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, இல்லை என்று தன் கையாலேயே எழுதி, மூன்று பிரதியிலும் அவனுடைய கையெழுத்தை வாங்கினாள்.

பத்துநாளில் பதில் வந்தது. நாலரை மணிக்குத் தலைவர் உரை இருப்பதால் அந்நேரத்தில் தோன்றுவதற்கு அனுமதி வழங்க இயலாது. ஐந்து மணி பத்து நிமிடம் முதல் ஐந்து மணி பதினான்கு நிமிடம் வரை தோன்றலாம். தவறும் பட்சத்தில் அனுமதி காலாவதியாகும்.

ஒத்திகைகள் சபை மண்டபத்தில் நடந்தன. சாக்ஸபோன் வெளியே வரவில்லை. கச்சேரிக்கு மட்டும் எடுக்கலாம் என்பதே விதி, ஒத்திகை கச்சேரி அல்ல. எமிலியானுஸ் வெறுங்கையோடு நிற்பது அழகில்லை என்று கருதிய ஆழ்வாப்பிள்ளை, அதே எடையும் அதே வளைவும் உள்ள ஒரு பொருளைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். அது பழைய பஸ்ஸொன்றின் புகைக்குழாய்.

“விரலை எங்க வைக்கிறது ஐயா?”

“வைச்சமாதிரி வையும்.”

எமிலியானுஸ் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். மற்ற நாலுபேரும் ஊதினார்கள், மேளம் அடித்தார்கள், மீனலோசனி வயலினை இழுத்தாள், லியோன் கம்பியை அதிரவிட்டான். முன்வரிசையில் பத்துப்பேரும் எப்படி நேராக இருப்பது என்று பழகினார்கள். மூன்றாம் ஒத்திகையில் ஆசை தாங்காமல் எமிலியானுஸ் புகைக்குழாயில் ஒருதரம் ஊதிவிட்டான். கப்பல் துறைக்கு வருகிறமாதிரி ஒரு சத்தம் வந்தது. கூடவே கொஞ்சம் கரியும். முன்வரிசையில் இருந்த உபசெயலாளரின் வெள்ளைச் சேட்டு கறுத்தது. மாற்றுப் பொருளை அனுமதியின்றி வாத்தியமாகப் பயன்படுத்தியமைக்காக எமிலியானுஸ் எச்சரிக்கப்பட்டான். ஆனால் லியோன் அவனுடைய காதில், “அண்ணை, அந்தச் சத்தத்துக்கு என்ர கித்தார் பொருந்தும்,” என்றான். மீனலோசனி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, “எனக்கும் பொருந்தும்,” என்றாள். அன்றைக்குத்தான் தாங்கள் ஏழுபேர் ஒரு குழு என்று அவர்களுக்குத் தெரிந்தது.

பங்குனி மாதக் கடைசி ஞாயிறு, சாட்டிக் கடற்கரையில் கச்சேரி. மண்ணில் மேடை போட்டிருந்தார்கள். முன்னால் பத்துக் கதிரை, நடுவில் ஒரு லொறி முருகைக்கல், கல்லுக்குப் பின்னால் வாசிக்கிற உறுப்பினர்கள். வாசிக்காத உறுப்பினர்களுக்குக் கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும். புத்தகப் படத்தில் அப்படித்தான் இருந்ததாம். குளிக்க வந்த சனம், மீன்பிடிக் குடும்பங்கள், வயலை விட்டு வந்த வேலணைப் பக்கத்துக் கமக்காரர்கள் என்று மண்ணில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். முருகைக்கல்லைக் கண்டு, ஏதோ கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்போகிறார்கள் என்று பாதிப்பேர் நினைத்தார்கள்.

இரண்டரை மணிக்கு ஆழ்வாப்பிள்ளை சாக்ஸபோனை எமிலியானுஸின் கையில் வைத்தார். அதற்கு முன்னர் ஐந்து கையெழுத்து வாங்கினார். அது பாரமாக, குளிர்ச்சியாக இருந்தது. கச்சேரி தொடங்கும்வரை ஊதக்கூடாது என்றார். எமிலியானுஸ் ஊதவில்லை. விரலை மட்டும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். கப்பலை விட்டு நாலு வருடத்துக்குப் பிறகும் விரல்களுக்கு இடம் தெரிந்தது.

ஐரோப்பிய நடத்துநர் நாலு மணிக்கு வந்தார். உயரமான, வெயிலில் சிவந்த மனிதர். அவர் யாழ்ப்பாணத்தில் இரவு மெயில் ரயில் எடுக்கவேண்டும், ஆறு மணிக்குமேல் நிற்க ஏலாது என்று கூடவந்தவர் சொன்னார். தலைவர் தலையசைத்தார். பிறகு தேவாரம், மங்கள விளக்கு, மாலை, மாலை போட்டவருக்கு மாலை, வரவேற்புரை. நாலரைக்குத் தலைவர் உரை தொடங்கியது. அவர் கையில் நாற்பத்தேழு பக்கம் இருந்தது.

நாலே முக்காலுக்கு ஒன்பதாம் பக்கம். ஐந்து மணிக்கு இன்னும் சபையின் ஆரம்பகால வரலாறு. நடத்துநர் ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எமிலியானுஸ் இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் பார்த்தான். ஐந்து ஏழுக்கு, கல்லுக்குப் பக்கமாகத் தவழ்ந்துபோய் முன்வரிசையின் கரைக் கதிரையில் இருந்த ஆழ்வாப்பிள்ளையின் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

“ஐயா, எனக்கு அஞ்சு பத்து.”

“தெரியும்.”

“தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார்.”

“ஓம்.”

“தவறினால் காலாவதி எண்டு போட்டிருக்கு ஐயா. பிறகு எனக்கு எப்ப கிடைக்கும்?”

ஆழ்வாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அனுமதிக் கடிதத்தை வாங்கி வாசித்தார். முன்பக்கம் வாசித்தார், பின்பக்கம் வாசித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். அவருடைய நாற்பது வருட உத்தியோக வாழ்க்கையில் இரண்டு ஒழுங்குகள் ஒன்றோடொன்று மோதியதை அவர் கண்டதில்லை.

“தலைவர் பேசேக்க வாசிக்கக்கூடாது எண்டு இதில இல்லை,” என்றார் கடைசியில். “தோன்றும் எண்டு நீர் எழுதித் தந்தனீர். சபை அஞ்சு பத்துக்கு எண்டு ஏற்றுக்கொண்டிட்டுது. தோன்றாட்டில் அது பொய்த் தகவல்.”

ஐந்து பத்துக்கு எமிலியானுஸ் எழுந்து நின்று ஊதினான்.

பதினொரு வருடம் பூட்டிக்கிடந்த வாத்தியம். முதலில் கன்றைத் தேடுகிற பசுவின் சத்தம்தான் வந்தது. தலைவர் திடுக்கிட்டு முப்பத்தோராம் பக்கத்தை நழுவவிட்டார். கடற்காற்று அதைத் தூக்கிக்கொண்டு போக, மிச்சப் பக்கங்களும் பின்னால் போயின. சனம் சிரித்தது. தலைவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்கு ஒரு சொல்தான் வரும்.

“கட்டுப்பாடு,” என்றார் ஒலிவாங்கியில்.

எமிலியானுஸ் அந்தச் சொல்லை எடுத்து அதே ஏற்ற இறக்கத்தில் ஊதினான். அவன் யோசிக்கவில்லை, விரல்கள்தான் செய்தன. மேளக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு கட்-டுப்-பாடு என்று அடித்தான். லியோன் முருகைக்கல்லின்மேல் ஏறி உட்கார்ந்து கித்தாரை அதிரவிட்டான். மீனலோசனியின் வயலின் எங்கோ மேலே கல்யாணி மாதிரித் தொடங்கி, பாதி வழியில் மனதை மாற்றிக்கொண்டு சாக்ஸபோனோடு சேர்ந்தது.

“கட்டுப்பாடு வேணும்,” என்று தலைவர் இன்னும் உரத்துச் சொன்னார். பாண்டுக்காரரின் ட்ரம்பெட்டுகள் இரண்டும் ‘வேணும்’ என்றன. சனம் கைதட்டியது. நாற்பது வருடமாக மேடையேறுகிற தியாகலிங்கத்துக்கு உரையின் நடுவில் ஒருவரும் கைதட்டியதில்லை. அவர் ஒருகணம் நின்றார். கைதட்டல் தனக்குத்தான் என்று முடிவுசெய்தார். குரலைத் தாழ்த்தி, “எங்களுக்குக் கட்டுப்பாடு வேணும்,” என்றார். வாத்தியங்களும் தாழ்ந்தன. உயர்த்தினார், உயர்ந்தன. அவருடைய வலது கால் தானாக மேடையில் தட்டத் தொடங்கியது. காகிதம் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வீசினார். வாசிக்காத உறுப்பினர் ஒன்பதுபேரும் கறுப்புக் கண்ணாடிக்குள் செய்வதறியாது தலையாட்டினார்கள்.

ஐந்து பதினான்குக்கு ஒருவரும் நிறுத்தவில்லை. ஐந்து இருபதுக்கு எமிலியானுஸ் கடலைப் பார்த்துத் திரும்பி நின்று தனியாக வாசித்தான். கப்பலின் பின்தளமும் எண்ணெய் மணமும் அவனுக்கு நினைவு வந்தன. ஆனால் அவன் வாசித்தது அந்தப் பிலிப்பைன்ஸ்காரன் வாசித்தது அல்ல. வேறு எவருக்கும் முன்னர் தோன்றியிராதது. படிவத்தில் மேரிஜோசப்பின் எழுதியது சரிதான். அவள் மண்ணில் இருந்து அழுதுகொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு முடிந்தபோது நடத்துநர் மேடைக்கு ஓடிவந்து தலைவரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி நிறையப் பேசினார். மீனலோசனி மொழிபெயர்த்தாள்.

“உலகம் முழுக்கப் போயிருக்கிறாராம் சேர். இப்பிடி ஒரு பாடகரைக் காணேல்லையாம். உங்களுக்கு எங்க பயிற்சி எண்டு கேட்கிறார்.”

“காணிக் கந்தோரில எண்டு சொல்லும்,” என்றார் தலைவர்.

அடுத்த புதன்கிழமை சபை கூடியது. தலைவர் கழுத்தில் சால்வை சுற்றியிருந்தார், தொண்டைக்கு நல்லதாம். மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. தலைவர் இனிமேல் தலைவரும் பிரதம பாடகருமாவார். கச்சேரி மாபெரும் வெற்றி என்பதால் ஆண்டுதோறும் அது சிறிதும் மாறாமல் அப்படியே நடைபெறும். அதற்கு வசதியாக, எமிலியானுஸ் தனக்குத் தோன்றிய இருபது நிமிடத்தையும் எழுத்தில் தரவேண்டும். அனுமதியின்றித் தோன்றிய பதினாறு நிமிடத்துக்குத் தனி விளக்கம் வேண்டும்.

“ஐயா, போன ஞாயிற்றுக்கிழமை அடிச்ச காத்தை எழுதித் தாங்கோ எண்டு கேட்கிறமாதிரி இருக்கு,” என்றான் எமிலியானுஸ்.

“கால அவகாசம் தரலாம்,” என்றார் தலைவர்.

சாக்ஸபோன் அலுமாரிக்குத் திரும்பியது. எமிலியானுஸ் கடலுக்குத் திரும்பினான்.

மூன்றாம் கிழமை ஒருநாள் பின்னேரம், ஆழ்வாப்பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கி அவர்கள் வீட்டுப் படலையைத் திறந்தார். கையில் கறுப்புப் பெட்டி. கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணியை மறுத்து, கோப்பு ஒன்றை விரித்தார்.

“ஒரு பிரச்சினை. பொருட் பதிவேட்டில இந்த வாத்தியம் பதிஞ்சபோது அதின்ர நிலைமை என்னெண்டு எழுதியிருக்கு தெரியுமோ? ‘சத்தம் வருவதில்லை’ எண்டு. அண்டைக்கு ஊதத் தெரிஞ்ச ஆள் இல்லை. இப்ப நிலைமை என்ன?”

“சத்தம் வருகுது ஐயா.”

“அப்ப பதிவேடு பிழை. பதிவேட்டைத் திருத்த ஏலாது, அதில தலைவற்ற கையெழுத்து. ஆனபடியால் வாத்தியத்தைத்தான் திருத்தவேணும். சத்தம் வராத பழைய நிலைமைக்கு வரும்வரைக்கும் திருத்துநர் பொறுப்பில வைக்கச் சொல்லி விதி இருக்கு. தீவுப்பகுதியில திருத்துநர் ஆரெண்டு பார்த்தன். உம்மைத் தவிர ஆக்கள் இல்லை.”

எமிலியானுஸ் அவருடைய முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. எந்நாளும் போலத்தான் இருந்தது.

“எப்பிடித் திருத்துறது ஐயா?”

“ஒவ்வொரு நாளும் ஊதிச் சோதிக்கவேணும். மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் அறிக்கை. ஒரு சாட்சியும் வேணும், அயலவராய் இருந்தால் நல்லது.” ஆழ்வாப்பிள்ளை கோப்பை மூடினார். ஆனால் எழும்பவில்லை. “பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு,” என்றார். “வேணுமெண்டால் இப்ப ஒருக்கால் சோதிச்சுப் பாரும்.”

அந்தப் பஸ்ஸையும் அதற்கடுத்த பஸ்ஸையும் அவர் விட்டுவிட்டார்.

மூன்று மாதம் முடிந்து ஆடியில் முதலாவது அறிக்கை வேலணைக்கு வந்துசேர்ந்தது. ‘திருத்த வேலை தொடர்கிறது, வாத்தியத்தில் இன்னும் சத்தம் வருகிறது’ என்று மேரிஜோசப்பினின் எழுத்தில் இருந்தது. கீழே, அடுத்த வீட்டுப் பஸ்ரியாம்பிள்ளை சாட்சிக் கையெழுத்துப் போட்டு, கேளாமலே ஒருவரி சேர்த்திருந்தார்.

‘ஓம், வருகுது. பின்னேரம் முழுக்க வருகுது. அவசரப்பட்டுத் திருத்தவேண்டாம்.’